கருவேலனை எழுப்பிய ஞாயிறு

செத்துப்போன பூசாரி ஒருவரை எழுப்புவதற்காக அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, கேரியரில் போட்டுக்கொண்டு, பரமத்தி வேலூரிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள் தேவிப்ரியா. சொன்னால் யாராவது கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். அதனால் ஊரில் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பூசாரி நிஜ ஆளில்லை. பெயர் கருவேலன். அவள் கணவன் சந்தோஷ்குமார் ஒரு விளையாட்டில் போட்டுக்கொண்ட வேஷம். போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே ராய்ப்பூர்ப் பக்கம் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு ஊர் திரும்பினால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கால் வீட்டில் நிற்காது. திருச்செங்கோட்டில் கூட்டாளி ஆனந்தகுமாரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடிக்கு ஓடிவிடுவான். அங்கே நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இருபது முகப் பகடையை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். சண்டையெல்லாம் வாயால்தான். ஆனந்தகுமார் கதையை நடத்துவான். சின்னராஜ் வாள்வீரன். கோழித் தீவனக் கம்பெனியில் வேலை பார்க்கும் இனியா மந்திரக்காரி. முப்பத்தெட்டு வயசு ஆம்பளைக்கு இது தேவையா என்று தேவிப்ரியா கேட்காத வாரமில்லை.

கருவேலனுக்கு ஒரு பெரிய வரம் இருந்தது. செத்தவர்களை எழுப்புவான். ஆனால் எழுப்புவதற்கு முன், வர உனக்குச் சம்மதமா என்று ஆவியைக் கேட்பான். அந்த விளையாட்டின் விதியே அதுதான். மற்றவர்கள் அதை ஒப்புக்குக் கேட்டுவிட்டுப் பகடையை உருட்டிவிடுவார்கள். சந்தோஷ்குமார் மட்டும் விட மாட்டான். "நம்முளுக்கு ஆச இருந்தாப் போதுமா? போனவனுக்கு இருக்கோணுமல்ல" என்பான்.

கடைசியாக அவன் ரிக்குக்குக் கிளம்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கிளம்புகிற நாளிலும் விளையாட்டா என்று தேவிப்ரியா பிடிபிடியென்று பிடித்தாள். அவன் போய் விளையாடிவிட்டு வந்தான், போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் பையைத் தூக்கினான். "போயிட்டு வாரேன்" என்று வாசலில் நின்று சொன்னான். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். பதினோராம் நாள் கேம்பில் நெஞ்சு வலி வந்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் ஆயிற்று. அந்தத் தட்டு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரே ஒரு வேளை அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று குலசாமியிடம் கேட்காத நாளில்லை. சாமி என்ன செய்யும், பாவம்.

போன வாரம்தான் அவன் பையிலிருந்து கருவேலனின் தாள் கிடைத்தது. கடைசியாக விளையாடிய அன்று அடியில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'செத்தாச்சு. ஆவி நிக்குது. வர்றதா வேண்டாமான்னு அடுத்த தடவ சொல்லோணும்.' அவள் ஆனந்தகுமாருக்குப் போன் போட்டு, கருவேலனை எழுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

மாடியில் மூவரும் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். சந்தோஷ்குமார் போனதிலிருந்து அவர்கள் விளையாடவில்லை. அவனுடைய நாற்காலி அப்படியே கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்து, தாளை மேஜைமேல் வைத்தாள்.

"அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க்கா," என்றான் ஆனந்தகுமார். "அவருகிட்டக் கேக்காம எப்படி எழுப்பறது?"

"பூக் கேக்கலாமுங்க," என்றாள் தேவிப்ரியா. "எங்க கல்யாணத்துக்கே குலசாமி கோயில்ல பூக் கேட்டுத்தான முடிவு பண்ணுனாங்க."

இரண்டு பொட்டலங்களை மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி என்றாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கோயிலில் எப்படியோ அப்படியே. பகடைக்குப் பழகிய கூட்டத்துக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனியா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

சின்னராஜ் மேஜையைத் தட்டினான். இனியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் மற்றப் பொட்டலம் புரண்டு மடிப்பு விரிந்தது. அதிலும் நந்தியாவட்டைதான்.

சின்னராஜ் அந்தப் பக்கம் பார்க்காதவன் போல ஜன்னலைப் பார்த்தான். தேவிப்ரியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. சாமியிடமே பித்தலாட்டம் செய்துவிட்டு எந்த முகத்தோடு உட்காருவது?

"செவப்பு வந்துருந்தா நா என்ன பண்றதுங்க?" என்றாள். "சோத்த ஆக்கி எடுத்துட்டு வந்துட்டனுங்க. திருப்பி எடுத்துட்டு எங்க போறது?"

ஆனந்தகுமார் இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து மடித்து ஓரமாக வைத்தான். தாளை அவள் பக்கம் தள்ளினான். கதை நடத்தும்போது வருகிற குரல் அவனுக்கு வந்தது.

"கருவேலன் கண்ணத் தொறக்கறாரு. எந்திரிச்சு உக்காந்து, எழுப்புனது ஆருன்னு பாக்கறாரு. பாத்துட்டு என்ன சொல்றாருங்க்கா?"

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். 'பசிக்குது' என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அவன் நாற்காலியில், அவன் கையெழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ஏன் தேவி, என்னையக் கேட்டியா?"

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். அது அவனேதான். அவன் அப்படித்தான் கேட்பான்.

"கேக்கலீங்க," என்றாள், இந்தத் தடவை தன் குரலில். "கேட்டா வரமாட்டீங்களோன்னு பயமுங்க."

இனியா எழப் போனாள். ஆனந்தகுமார் கையமர்த்தினான். "கருவேலன் என்ன சொல்றாரு?"

தேவிப்ரியா கண்ணை மூடினாள். கீழே ஒரு ரிக் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போய் ஓய்ந்தது.

"செரி, கூப்புட்டுட்ட. வந்துட்டேன். சோறு என்ன?" என்றாள், அவன் பேச்சில்.

அவள் கேரியரைத் திறந்தாள். மூடி தரையில் விழுந்து உருண்டது. இனியா ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தாள். தேவிப்ரியா அவன் இடத்துக்கு முன்னால் ஒரு தட்டு வைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி நெய்யைத் தாராளமாக விட்டு, சோற்றைப் போட்டாள். பிறகு அந்த மூவருக்கும் போட்டாள். அவர்கள் மறுக்காமல் சாப்பிட்டார்கள். சின்னராஜ் தலையைத் தூக்கவே இல்லை. அவன் தட்டில் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஆனந்தகுமார் மெதுவாகக் கேட்டான். "இனிமேல் கருவேலன் நம்ம கூட வர்றாருங்களா?"

எத்தனை வருடம் வேண்டுமானாலும் அவனை இந்தத் தாளில் வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் வந்து, அவன் குரலில் பேசி, சோறு போடலாம். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஓரத்தில் கிடந்த வெள்ளைப் பூப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "சாப்புட்டாச்சு. கையக் களுவிட்டாரு. பையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறாருங்க."

"நின்னு?"

"போயிட்டு வாரேங்கறாருங்க."

நாற்காலியை விட்டு எழுந்து, மாடிப்படி வரைக்கும் நடந்து போய் நின்றாள். படியில் யாருமில்லை.

"செரிங்க," என்றாள் தேவிப்ரியா. "பாத்துப் போயிட்டு வாங்க."