கலைப்பிரியா வற்றவிடாத பால்

எனக்கு வாய் நீளம். திண்டிவனம் பக்கம் பதினோரு வருடமாகக் காசநோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தியவர்களைத் திட்டித் திட்டியே குணமாக்கியவள் என்று பெருமை வேறு.

கலைப்பிரியா ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை பார்த்தவள். பிரசவ லீவில் இருந்தபோது சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. மாத்திரையோடு அவளுடைய லைன் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதப் பையனை மடியில் போட்டு, மாஸ்க் இல்லாமல், அவன் முகத்துக்கு நேராக இருமிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கொழந்த மூஞ்சிலயே இருமிக்கினு இருக்கியே, அறிவிருக்கா? கிட்டவே போவாத."

மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஐந்து வாரமாகியும் குழந்தை வரவில்லை. சண்டை போடத்தான் திரும்பப் போனேன். வீட்டில் தொட்டில் இல்லை.

"பையன் எங்க?"

"அனந்தபுரத்துல, எங்க நாத்தனார் வீட்ல. கிட்ட போவாதன்னு சொன்னீங்க இல்ல சிஸ்டர், அன்னிக்கு சாயந்திரமே அனுப்பிட்டோம். பவுடர் பாலு குடுக்கறாங்க."

அவள் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு என்னுதும்மா. மாஸ்க் போட்டுக்கினு குடுத்திருக்கலாம். நான்தான் சொல்லாம போயிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இப்ப குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"குடுக்கலாம். ஆனா இத்தினி நாள்ல பாலு நின்னு போயிருக்குமே."

"இருக்குது சிஸ்டர்."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் போனில் அலாரம் வைத்துப் பீய்ச்சியிருக்கிறாள். கால் படாத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். காய்ச்சல் கொதித்த நாளிலும் விடவில்லை, மாத்திரை குமட்டி வாந்தியெடுத்த நாளிலும் விடவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. அவன் வந்து கேட்டா இல்லன்னு சொல்ல முடியாதுல்ல."

முப்பத்தெட்டுக் கிலோ உடம்பு. அந்த உடம்பில் நோயை எதிர்க்கவே தெம்பு போதாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கும்பிட வேண்டும் போலிருந்தது.

அவள் கணவன் கோபி உடனே பைக்கில் போய்ப் பையனைத் தூக்கி வந்தான். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. மறுநாளே பரிசோதனைக்கு நானே கூட்டிப் போவதாகச் சொன்னேன். கலைப்பிரியா மாஸ்க்கை மூக்கோடு அழுத்திக்கொண்டு அவனை வாங்கினாள்.

பாட்டிலுக்குப் பழகியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். அவள் பதறவில்லை. ஒரு சொட்டுப் பாலை உதட்டில் தடவினாள். துப்பினான். மறுபடி தடவினாள். கோபி பாட்டிலை எடுக்கப் போனபோது வேண்டாமென்று கையைக் காட்டினாள். ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, பிடித்துக்கொண்டான். மடக் மடக்கென்று அவன் விழுங்குவது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

அவன் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மெதுவாடா. இனிமே யாரும் புடுங்க மாட்டாங்க."