தொட்டித் தண்ணி

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அம்மா இருளம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி தெருப் பொம்பளைகள் நாலைந்து பேர். கால்மாட்டில், சுவரோடு சுவராக மகள் பாண்டிச்செல்வி. சித்தப்பா சங்கையா வாசல் பெஞ்சில். செத்துப்போன அய்யா தங்கச்சாமி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் காசிராஜனை மட்டும் மரியாதைக்கு உள்ளே பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் சிமெண்டுத் திட்டில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் ஆமை இருந்தது. யாரோ ஒரு துண்டைப் போட்டுத் தொட்டியை மூடியிருந்தார்கள்.

முதலில் மூக்கைப் பொத்தியவர் காசிராஜன்தான். அவரைப் பார்த்து ஒவ்வொரு பொம்பளையாக முந்தானையை எடுத்தாள். மாலை கொண்டுவந்தவர்கள் போட்ட வேகத்தில் வெளியே போய் மூச்சு விட்டார்கள்.

சங்கையா எழுந்து வந்து பெட்டிக்காரனைப் பிடித்துக்கொண்டார்.

"எலே, பொட்டி குளுருதா இல்லையா? நேத்து விடியக்காலம் போன உசுரு. அதுக்குள்ள இம்புட்டு வாடை வருமா?"

"கைய வச்சுப் பாருங்க அண்ணாச்சி. ஐஸாத்தான் இருக்கு. சாத்தூர் வரைக்கும் எம்பொட்டிதான் போகுது. இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல."

"உள்ள படுத்தவன் எங்கலே எந்திரிச்சு குறை சொல்லப் போறான்?"

முந்தானைக்குள் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

அது அய்யாவின் வாடை இல்லை என்று பாண்டிச்செல்விக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் அய்யாவோடு விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும், ஆமைக்குப் பசிக்குமே என்று பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகச் சோறும் கருவாடுமாக அள்ளிப் போட்டிருந்தாள். மே மாத வெயிலில் அது ஊறிப் புளித்து நாறியது. துண்டை எடுத்துக் காட்டி, இதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், தொட்டியைக் கழுவுவது யார் வேலை என்று கேள்வி வரும். அவள் வாயைத் திறக்கவில்லை. அய்யாவைப் பார்த்து எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தார்கள். மூணு மணிக்குத் தூக்கும்வரை அப்படித்தான்.

ஆமையை மதுரையிலிருந்து வாங்கி வந்தவன் தம்பி செல்வக்குமார். அப்போது அது ஒரு ரூபாய்க் காசு அளவு, காதோரம் சிவப்புக் கோடு. அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனபோது உள்ளங்கை நிறைய வளர்ந்திருந்தது. அங்கே போய் எழுதிய முதல் கடிதத்தில் பாதி ஆமைதான். வாரத்துக்கு ஒருதரம் பாதித் தண்ணியை மாற்றணும். தீனியைத் தொட்டிக்குள் போடாமல் தனிச் சட்டியில் வைத்துக் கொடுக்கணும், அப்போதுதான் தண்ணி கெடாது. கல்லைத் தேய்த்துக் கழுவணும். காலை வெயில் படணும். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கீழே கோடு போட்டு, "அக்கா, இதெல்லாம் நீதான் பார்க்கணும்" என்று எழுதியிருந்தான்.

ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள். கல்லடியில் கை விட்டதும் வழுவழுவென்று ஏதோ விரலில் சுற்றிக்கொண்டது. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"எனக்குக் கொடலைப் பொரட்டுதுய்யா. ஒம்மகன் சீதனத்த நீயே கழுவு."

"சரித்தா, நாம் பாத்துக்கிறேன்" என்றார் தங்கச்சாமி. அதோடு அவள் அந்த ஜன்னல் பக்கமே போகவில்லை.

சவம் போன பிறகு பொம்பளைகள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணியை எல்லாம் கொட்டணும் என்பது வழக்கம். குடமும் அண்டாவும் கவிழ்ந்தன. இருளம்மாள் மகளிடம் தொட்டியைக் காட்டினாள்.

"அதயும் ஊத்தீரு தாயீ."

துண்டை எடுத்ததும் வீடே காலியானது. தண்ணி கறுத்துப் பச்சையாகி, மேலே எண்ணெய் மாதிரி ஆடை படர்ந்திருந்தது. ஊதிப்போன சோற்றுப் பருக்கைகளில் வெள்ளையாகப் பூசணம். உரிந்த தோல் நூல் நூலாக மிதந்தது. அதற்கு நடுவில் ஆமை கழுத்தை நீட்டி அவளையே பார்த்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாததால் பாண்டிச்செல்விக்கு வெறும் மஞ்சள் நீர்தான் வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஆணியில் ஒரு டியூப் தொங்குவதைப் பார்த்தாள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையில் பல் பதிந்த தடம் இருந்தது.

"இது என்னத்துக்கும்மா?"

"அதுலதான உங்கய்யா தண்ணிய எறக்குவாக. வாய வச்சு ஒரு உறி உறிஞ்சா தானா வந்துரும்."

"ஏன், பிளாஸ்டிக் மக்கக் கொண்டு மோந்தா என்னவாம்?"

"கையில வெடிமருந்து ஒட்டியிருக்கும்ல. பவுடர் ரூம்புல நிக்கிற கை, எம்புட்டுத் தேச்சாலும் போகுமா? தண்ணியில பட்டா ஆமைக்கு ஆகாதும்பாக. அது செத்துப்போச்சுன்னா மகனுக்கு என்னத்தச் சொல்றதும்பாக. முந்துன ஞாயித்துக்கெழம ரெண்டு மடக்கு உள்ள போயிருச்சுன்னு துப்பித் துப்பிச் சிரிச்சாக."

செவ்வாய்க்கிழமை காய்ச்சல். புதன் பூரா வயிற்றுப்போக்கு. கெட்ட தண்ணி ஏதாவது குடித்தாரா என்று டாக்டர் மூன்று தரம் கேட்டார். குழாத்தண்ணிதான் சார் என்று மூன்று தரமும் சொன்னவள் பாண்டிச்செல்வி.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டாள். மக்கு மக்காக மோந்து சாக்கடையில் ஊற்றினாள். கல்லை உப்புப் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரால் கண்ணாடியைச் சுரண்டியபோது பாசி தோலாக உரிந்து கையில் ஒட்டியது. ஆமையைத் தூக்கியதும் அது நகத்தால் பிறாண்டி, உள்ளங்கையிலேயே கழிந்தது. கீழே போட்டு மிதிக்கலாமா என்று இருந்தது. சட்டித் தண்ணியில் விட்டு, ஓட்டைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு நாலு தரம் சோப்புப் போட்டாள். அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டாள்.

செல்வக்குமார் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசினான். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்ததால் அவன் வர வழியில்லை. அழுகைக்கு நடுவே, "அய்யாவுக்கு என்னதான்க்கா ஆச்சு? ஒண்ணு விடாம எழுது" என்றான். அதற்குள் லைன் போய்விட்டது.

டியூப் விஷயத்தைச் சித்தப்பாவிடம் மட்டும் சொன்னாள். சங்கையா வெற்றிலையைத் துப்பினார்.

"வேறென்ன எழுத? அவன் வாங்கியாந்த சனியந்தான் அப்பனக் கொண்டுக்கிட்டுப் போச்சுன்னு எழுது. தெரியட்டும் அவனுக்கு."

எழுதினாள். எழுதியதைப் படித்தபோது, அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து அவன் அதைப் படிப்பது கண்ணுக்குள் தெரிந்தது. கிழித்தாள். இரண்டாவது தாளில் விஷக்காய்ச்சல் என்று எழுதினாள். நாலு வரியில் முடிந்துவிட்டது. அதையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் தேதி போட்டு, கிழமை வாரியாக எழுதிக்கொண்டு போனாள். டியூப்பையும் அய்யாவின் கையையும் விடாமல் எழுதினாள். கடைசியில் இப்படி இருந்தது:

"தொட்டியைக் கழுவ நீ சொன்னது என்னிடம். அருவருப்பாக இருக்கிறது என்று அய்யாவிடம் தள்ளிவிட்டவள் நான். மாலை போட வந்தவர்கள் அய்யாதான் நாறுவதாக நினைத்துவிட்டுப் போனார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. ஆமை நன்றாக இருக்கிறது. இனி ஞாயிறுதோறும் நானே தண்ணி மாற்றுவேன். இப்படிக்கு, அக்கா."

புதன்கிழமை காலை திருத்தங்கல் தபாலாபீசில், மேசையிலிருந்த பசையைத் தடவி உறையை மடித்து ஒட்டினாள். கிளார்க் அய்யாதுரை எடைபோட்டுப் பார்த்தார்.

"மலேசியாவுக்கா? உள்ள போட்டோ கீட்டோ எதுவும் இருக்காம்மா?"

"காயிதந்தேன் சார்."

"ஓரம் ஒட்டல பாரு. நல்லா அமுக்கிக் குடு."

கட்டைவிரலால் ஓரத்தை அமுக்கினாள். பசை பிதுங்கி விரலில் ஒட்டியது. துடைக்காமல் அப்படியே நீட்டினாள். அவர் வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரையைக் குத்தி, வாய் திறந்து கிடந்த சாக்குக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.