பிரிண்டருக்குப் போன முகம்

பின்னேரம் நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் அம்மாவின் செத்தவீடு. மகன் அருந்தவன் மெல்பேர்னில், ட்ருகனினாப் பகுதி மருந்துக் கிடங்கு ஒன்றின் நெட்வேர்க் அறையில் வேலையில் இருந்தான். விசா இழுபறியில் கிடந்தது; போனால் திரும்பி வர முடியாது. லீவும் கிடைக்கவில்லை. கைபேசிகள் வாசல் லொக்கருக்குள் பூட்டியிருந்தன. மிச்சம் அவனுடைய லப்டொப் ஒன்றுதான்.

அதையும் கிடங்கின் நெட்வேர்க் இணையத்துக்கு விடாது. பதிந்த கருவிகளுக்கு மட்டும்தான் வழி; ஒவ்வொன்றையும் அதற்கென்று உள்ள முகவரி எண்ணை வைத்துத்தான் அது அடையாளம் காணும். பதியவோ மாற்றவோ கடவுச்சொல் மனேஜரிடம், மனேஜர் திங்கட்கிழமைதான் வருவார். அம்மா திங்கள் வரைக்கும் காத்திருப்பாவா? இரண்டு மாதமாக அணைந்து கிடந்த பழைய லேபிள் பிரிண்டரின் முகவரியை எடுத்து லப்டொப்புக்குக் கொடுத்தான் அருந்தவன். திருட்டு வேலைதான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பொதி கட்டும் பகுதியின் பொறுப்பாளர் பிரதீப்குமார், சென்னைக்காரர், அறைவாசலில் எட்டிப் பார்த்தார். "நீ அம்மாவைப் பாரு. இன்னிக்கு யாரும் உன்னைக் கூப்பிடாம நான் பாத்துக்கறேன்."

யாழ்ப்பாணத்தில் நான்கு மணியானபோது திரையில் அக்கா சயந்தினி வந்தாள். "தம்பி, வாய்க்கரிசி போடினம். உன்ரை முறை வரேக்க முகத்தைக் கிட்டக் காட்டுறன். அரிசி கொண்டந்தனியே?"

"ஓம் அக்கா." கடதாசியிலிருந்து அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டான்.

படம் நின்றது. வந்தது. மறுபடி நின்றது.

கிடங்கின் நெட்வேர்க் கேபிள்கள் எல்லாம் துளை துளையாக வந்து செருகும் பெட்டிதான் சுவிட்ச்; அதன் பட்டியலைத் திறந்தான். பார்க்க மட்டும் அவனுக்கு அனுமதி உண்டு. அவன் திருடிய முகவரி ஒரு கணம் ஏழாம் துளையில் இருந்தது, மறுகணம் முப்பத்தொன்றில். ஏழு அவனுடையது. முப்பத்தொன்று பொதி கட்டும் பகுதி. யாரோ அந்தப் பிரிண்டரைப் போட்டுவிட்டார்கள்.

சுவிட்ச் ஒரு வெள்ளந்தி. யாரும் அதற்கு முகவரி சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு முகவரி கடைசியாக எந்தத் துளையிலிருந்து பேசியதோ, அங்கேதான் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும். அதற்கு வருவதையெல்லாம் அங்கேயே தள்ளும். ஒவ்வொரு லேபிளுக்கும் பிரிண்டர் பேசியது. அம்மாவின் முகம் அங்கே போனது. தனக்கு உரியதல்ல என்று கண்டு, பிரிண்டர் அதைச் சத்தமில்லாமல் எறிந்தது.

லப்டொப்பை ஓயாமல் பேச வைத்தான். ஏழு, முப்பத்தொன்று, ஏழு, முப்பத்தொன்று. பந்தலின் ஓரம் தெரிந்தது. யாரோ ஒருவரின் தோள் தெரிந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வர எட்டு நிமிடமாகும். ஓடினால் முகத்தைப் பார்க்க இங்கே யார் இருப்பது? இருந்தால் முகம் வராது. பாதி எழுந்து, மறுபடி கதிரையில் விழுந்தான்.

"தம்பி... போடு... மூடப் போயினம்..." அக்காவின் குரல் துண்டு துண்டாக வந்தது. எங்கே போடுவது? திரையில் பந்தலின் ஓரம் அசையாமல் நின்றது.

அடுத்துப் படம் வந்தபோது பெட்டி மூடியிருந்தது. நாலு பேர் தூக்கினார்கள். பிறகு படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

சற்று நேரத்தில் பிரதீப்குமார் தேநீரோடு வந்தார். வியர்த்திருந்தார்.

"புது பிரிண்டர் மக்கர் பண்ணிடுச்சுப்பா. உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு அந்தப் பழசை நானே தூசி தட்டிப் போட்டேன். இப்பதான் லாரி கிளம்புச்சு, அதையும் அணைச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "அம்மா முகத்தை நல்லாப் பாத்தியா?"

அருந்தவன் அரிசி இருந்த கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

"ஓம் அண்ணை. வடிவாப் பார்த்தனான்."