ஒரு விசிலா, ரெண்டா

செத்துப்போன அப்பாவின் வாயைத் திறக்க, சின்னவள் அவர் தாடையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோதே ஒரு வாய் மருந்துக்கு ஒன்பது குட்டிக்கரணம் போடவைத்த வாய் அது. இப்போது கேட்கவா வேண்டும், இரும்புப் பெட்டி தோற்றது.

"பல்ல வச்சிடு. கன்னம் டொக்கு விழுந்து வேற யாரோ மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டு அம்மா முன்னறைக்குப் போயிருந்தாள்.

பல்செட் கட்டுவதுதான் சின்னவளின் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் பல் கட்டும் கூடத்தில் உட்கார்ந்து மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவாள். ஊரில் பாதிப்பேர் சிரிப்பது இவள் கைவேலை. எங்கே யார் சிரித்தாலும் அண்ணன் இவள் காதில், "உன்னுதா?" என்பான். அந்தக் கைக்குத்தான் கடல் தாண்டி அதேபோல் ஒரு கூடத்திலிருந்து வேலை வந்திருந்தது. சம்பளத்தைக் கேட்டு அண்ணிக்குப் புரையேறி, ஒரு செம்பு தண்ணீர் உள்ளே போனபிறகுதான் கண் திறந்தாள். வருகிறாளா இல்லையா என்று சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

அப்பா பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கைகாலையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபின் மிஞ்சியது கழுத்தில் தொங்கிய விசில்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு என்றால் ரைட், போ. பஸ்ஸில் இருந்த சட்டமே வீட்டிலும். கஞ்சி ஊட்டும்போது ஒன்று அடித்தால் கரண்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பும் நேரம் பார்த்து ஜன்னல் வழியே ஒன்று அடிப்பார். அந்த மனிதர் பிரேக்கை மிதித்து, இறங்கி, நாலு சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

சின்னவளோ இத்தனை வருஷமாகக் கயிறு கட்டிய வாளி. எங்கே போனாலும் இழுபட்டுத் திரும்பி வருவாள். மெழுகு உருகிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வரும்: புரட்டிப் போடணும், என்னால முடியல. சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு வீடு. அவள் பார்த்த எந்தப் படத்திலும் வில்லன் பிடிபட்டதே கிடையாது.

இன்று காலை துணிந்து கேட்டேவிட்டாள். அப்பாவோடு ஆயுசு முழுக்க ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் மாமா, வழக்கம்போல் பேப்பர் படித்துக் காட்ட வந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த வேலைக்கு இன்னிக்குப் பதில் சொல்லியாகணும். போகட்டுமா?"

அப்பா அவளையே பார்த்தார். கூரையைப் பார்த்தார். நல்ல கையால் விசிலை உதட்டுக்குத் தள்ளினார். ஃபீ, ஃபீ.

டிரைவர் மாமா தொடையில் அடித்துக்கொண்டார். "ரைட் குடுத்துட்டாம்மா. இன்னும் என்ன நின்னுகிட்டு இருக்க?"

அவள் தரையில் கால் படாமல் வேலைக்குப் பஸ் ஏறி, உட்காரும் முன்பே, வருகிறேன் என்று அந்த வெளிநாட்டுக் கூடத்துக்குப் போனில் செய்தி அனுப்பினாள். ரெண்டு நிறுத்தம் தாண்டவில்லை, அம்மாவின் போன். இந்தத் தடவை புரட்டிப் போடுவதற்கு அல்ல.

இப்போது தாடை ஒருவழியாக வழிவிட்டது. கைப்பையைத் துழாவி பல்செட்டை எடுத்தாள். ஈறில் குத்துகிறதென்று நேற்று கூடத்துக்குக் கொண்டுபோய், தேய்த்து, பையோடு திரும்பக் கொண்டுவந்தது. எடுத்துக் கொடுக்க மறந்திருந்தாள்.

கை நின்றுவிட்டது.

அப்படியென்றால் காலையில் அவர் வாயில் பல் இல்லை. பல் இல்லாத வாயில் விசில் நிற்காது. ஈறில் வழுக்கும், காற்று கன்னத்தோரம் கசியும், ஒரே ஊதல் பாதியில் முறிந்து ரெண்டாகக் கேட்கும். இது டாக்டருக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. ஊரார் வாயையெல்லாம் கட்டுகிறவளுக்குத் தெரியும். ரெண்டாவது ஊதல் கொஞ்சம் சன்னமாக இருந்ததோ? நடுவில் மூச்சு எடுத்தாரா? நினைவைத் தேய்க்கத் தேய்க்க அது மழுங்கிக்கொண்டே போனது.

பல்லை வைத்து உதட்டைச் சேர்த்தாள். முகம் அப்பாவுடையதாகிவிட்டது.

முன்னறையில் டிரைவர் மாமா வந்தவர்களுக்கெல்லாம் அந்த ரெண்டு விசிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வந்தவர்களுக்கு அப்பா விசில் மட்டும் அடித்தார். அடுத்து வந்தவர்களுக்குச் சிரித்தார். மத்தியானத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, செயலற்ற கையையும் தூக்கி டாட்டா காட்டிவிட்டார். இஞ்சின் பக்கமே உட்கார்ந்து மாமாவின் ஒரு காது என்றோ போய்விட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாவு வீட்டில் அதை யார் சொல்வது?

அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். "அப்பாவே ரைட் குடுத்தாச்சு. யோசிக்காத, கிளம்பு. அம்மாவ நாங்க பாத்துக்கறோம்."

'நாங்க' என்ற இடத்தில் அண்ணி மின்விசிறியைப் பார்த்தாள்.

சின்னவள் டீ டம்ளரை மாமாவிடம் நீட்டினாள். "மாமா, காலைல ஒண்ணா, ரெண்டா? நல்லாக் கேட்டுச்சா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற?" டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. "அவன் ஒண்ணு அடிச்சு நான் ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல."

டம்ளர் சாய்ந்து டீ அவர் சட்டையில் சிந்தியது. அவள் துடைத்துவிட்டாள்.

வண்டி வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. எல்லாம் முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் சொந்தக்காரர்கள் செருப்புத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் போனான்.

சின்னவள் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிப்பை மாற்றினாள். அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வர்றேன்னு காலைலயே அவங்களுக்குச் சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு. நீ போ. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

சொல்லிக்கொண்டே அம்மா இடுப்பைப் பிடித்தபடி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். இன்னொரு காலைக் கையால் எடுத்து வைத்தாள். இத்தனை வருஷமும் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தே பழகியவள். தலையணையில் தலை பட்டதும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"தரையில படுத்துப் படுத்து இடுப்பு விட்டுப்போச்சு. சித்த நேரம் இருக்கேன்."

"இரும்மா."

"தலைப்பக்கம் கொஞ்சம் ஏத்தேன்."

சின்னவள் கால்மாட்டில் குந்தி, கட்டிலுக்கு அடியிலிருந்த கைப்பிடியை இழுத்துச் சுற்றினாள். அம்மாவின் தலை மெல்ல மேலே வந்தது.

"போதுமா?"

"இன்னும் ஒரு சுத்து."