குறட்டை இல்லாத காலை

பேக்கரியில் இரவு வேலை முடித்து விக்னராஜா வந்து படுத்துவிட்டால், புலம்பெயர்ந்து வந்த டண்டினோங்கில் உள்ள அந்த வாடகை வீட்டில் ஈ பறந்தாலும் சத்தியபாமா முறைப்பாள். போனை அமத்திவிடுவாள். குசினியில் கரண்டி விழுந்தால் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். கணவனின் நித்திரை அவளுக்கு அவ்வளவு பெரிய காரியம்.

அதனால்தான் காஸ் ஹீட்டரைச் சோதிக்க வந்த அனுஷனை வாசலிலேயே மறித்தாள்.

“தம்பி, அவர் இப்பதான் படுத்தவர். நாளைக்கு வாங்கோ.”

“போன கிழமையும் இதைத்தானே அக்கா சொன்னனீங்கள்! வாடகை வீடெண்டால் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பாக்கவேணும் எண்டு சட்டம். பத்து நிமிசம்தான், பூனை மாதிரி வந்திட்டுப் போறன்.”

சப்பாத்தைக் கழற்றவைத்து, மூச்சைக்கூட மெதுவாக விடச் சொல்லித்தான் உள்ளே விட்டாள். ஹோலில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சோபாவில் விக்னராஜா. வழக்கமாகத் தெருவுக்கே கேட்கும் குறட்டையை இன்று காணோம். அப்பாடா, மனிசன் இன்றைக்காவது நிம்மதியாக உறங்குகிறார் என்று அவளுக்கு மகா திருப்தி.

அனுஷனின் கையிலிருந்த, காற்றைச் சோதிக்கும் மீட்டர் வீரிட்டது.

“சீ, அதை நிப்பாட்டும்!” என்று பதறினாள்.

அவன் பாய்ந்துபோய் ஹீட்டரை அணைத்தான். சுவரைச் சுற்றிப் பார்த்தான். “காத்து வாற ஓட்டை எங்கயக்கா?”

“முருகன்ர படத்துக்குப் பின்னால. சரியான குளிர். அட்டை வச்சு ஒட்டிப்போட்டு, வடிவா இருக்கட்டுமெண்டு படத்தைக் கொழுவினனான்.”

“ஐயோ, அண்ணையை எழுப்புங்கோ! ஓட்டையை அடைச்சதால ஹீட்டர் விட்ட நச்சுக்காத்து ஹோல் முழுக்க நிக்குது. அதுக்கு மணமும் இல்லை!”

உலுக்கினாள். அவர் அசையவில்லை. கரண்டிச் சத்தத்துக்கே பயந்தவள் இப்போது, “இஞ்சேரப்பா! எழும்புங்கோ!” என்று தெருவே கேட்கக் கத்தினாள். இருவருமாக அவரை இழுத்து முற்றத்துப் புல்லில் போட்டார்கள். அனுஷன் அம்புலன்ஸைக் கூப்பிட்டான். குளிர்காற்று முகத்தில் பட, விக்னராஜா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“தலை வெடிக்குது... ஏனப்பா என்னை எழுப்பினனீர்?”

சத்தியபாமா அழுதாள், சிரித்தாள், அவர் தோளில் ஒன்று வைத்தாள். “நான் எல்லோ உங்களைக் கொல்லப் பாத்தனான்!”

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தார். முருகன் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தார். ஓட்டை வழியே குளிர் அடித்தது. பழைய ஹீட்டர் போய்ப் புதியது வரும்வரை மூன்று போர்வை. அனுஷன் பூட்டிவிட்ட நச்சுக்காற்று அலாரம் மேலே பச்சையாக மினுங்கியது. அதன் கீழே விக்னராஜாவின் குறட்டை.

தேத்தண்ணியோடு பக்கத்துக் கதிரையில் இருந்தாள் சத்தியபாமா. குறட்டை சட்டென்று நின்றது. விரலால் அவர் விலாவில் ஒரு குத்து விட்டாள். அவர் ஏதோ திட்டிவிட்டுப் புரண்டு படுத்து, மறுபடி தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.