டீச்சர் பாலை அடக்கிக்கொண்டது

என் மனைவி வளர்மதி இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எருமையிடம் விசாரித்தார்கள். அதுதான் முறை. எருமை எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் படுத்திருந்தது. வந்தவர்கள் அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நான் எல்லோருக்கும் டீ போட்டேன்.

எருமையின் பெயர் டீச்சர். வளர்மதி வைத்த பெயர். கல்யாணச் சீரில் பீரோவும் கட்டிலும் வந்த அதே வண்டியில் அதுவும் வந்தது. எங்கள் வீடு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. டீச்சர் நடக்க இடம் போதாது என்பதால் வெளி வராந்தா காலையில் நீளும். அது திரும்பி வந்ததும் சுருங்கிக்கொள்ளும். குடியிருப்போர் சங்கத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எதிர்வீட்டுக் கோமதி அக்கா இரண்டு முறை வந்தார். அவர் கணவர் போன வருடம் தண்ணீர் மோட்டாராக மாறியவர். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, அக்கா பக்கத்திலேயே நின்று சத்தத்தைக் கேட்பார். "மோட்டாரா ஆனதுக்கு அப்புறம்தான் மனுசன் மனசு விட்டுப் பேசுறாரு" என்று ஒருமுறை சொன்னார்.

இரண்டாம் முறை வந்தபோது டீச்சரின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர் எதாச்சும் சாப்பிட்டாங்களா?"

"வைக்கோலைத் தொடவே இல்லக்கா."

"நீங்க?"

"பரோட்டா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பி, "ஒனக்குன்னு யாரு இருக்கா இந்த வீட்டுல" என்றார்.

நான் அழவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் அழுதது. இரண்டு கண்ணிலிருந்தும் தாடை வரை ஈரக்கோடு இறங்கியிருந்தது. வந்தவர்கள் அதைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

பிறகு டீச்சர் பாலை அடக்கிக்கொண்டது. வளர்மதி மட்டுமே அதைக் கறந்தவள். நான் காம்பில் விளக்கெண்ணெய் தடவி, வாளியை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஒரு சொட்டும் வரவில்லை. அதன் கன்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோதுகூட அது பாலை நிறுத்தியதில்லை. கன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யும். டீச்சர் கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

பால் சங்கத்திலிருந்து அமல்ராஜ் வந்தார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பவர். அதற்கான கண்ணாடி மானியைச் சட்டைப் பையில் பேனா போலச் செருகியிருப்பார். பால் இல்லாததால், வந்தவர்கள் அழுததை ஒரு டம்ளரில் வாங்கிச் சோதித்தார். வளர்மதியின் பெரியப்பா அழுததில் மானி நேராக அடியில் போய் இடித்தது.

"பெரியவரே, இதுல முக்கால்வாசி தண்ணி."

"வர்ற வழியில மோர் குடிச்சேன்ப்பா" என்றார் பெரியப்பா.

அமல்ராஜ் டீச்சரின் தாடைக்குக் கீழே டம்ளரைப் பிடித்தார். மானி நிமிர்ந்து நின்றது. ஆடவில்லை.

"சுத்தம்" என்றார்.

"மனுஷங்க துக்கம் மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார். கெட்டியா, இல்லையா. அவ்வளவுதான் பாப்போம். ஒங்க டம்ளரைக் காட்டுங்க."

காட்டினேன்.

"காலி டம்ளர்ல மானி போடக்கூடாது. ஒடைஞ்சிரும்" என்று மானியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாட்டு வியாபாரியின் லாரி அதற்குள் முதல் மாடிக்கு வந்துவிட்டது. அது படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. பால் நின்று வறண்ட மாடு எங்கே இருக்கிறது என்று லாரிக்குத் தெரியும். டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அதில் ஏறிய மாடு திரும்பி வராது. மேலே வருபவர்கள் கைப்பிடியோடு ஒட்டி, லாரிக்கு வழிவிட்டு வந்தார்கள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் அமல்ராஜ். "எங்க ஊருல, கறக்குற பொம்பள வெளியூரு போயிட்டா, புருசன் அவ சேலையக் கட்டிக்கிட்டு ஒக்காருவான். மாடு மோந்து பாத்துட்டு விட்டுரும். ஆனா தொவைக்காத சேலையா இருக்கணும். இருக்கா?"

"இல்லை" என்றேன்.

பொய். என் மாமியார் வளர்மதியின் சேலைகளை எல்லாம் துவைத்து, மடித்து, ஆள் ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று தொங்கியதை யாரும் பார்க்கவில்லை. கடுகு நிறம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கட்டுவது. அதை நான் குக்கருக்குள் வைத்திருந்தேன். புது காஸ்கெட் வாங்கிப் போட்டேன். வெயிட்டும் போட்டு மூடினேன். தினமும் ஒருமுறை திறப்பேன். தேங்காய் எண்ணெய், புண்ணாக்கு, தலைவலித் தைலம், அவள் கழுத்து. ஒரு மூச்சு. உடனே மூடிவிடுவேன். திறக்கத் திறக்கக் குறையும். கல்லூரியில் வேதியியல் படித்தவன். அது எப்படிக் குறையும் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் ஹாலை விட்டு அடுப்படிக்கு இடம் மாறியது. குக்கருக்கு எதிரே மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அடுப்படிக்கு மாறினார்கள். டீ போட இடைஞ்சலாக இருந்தது.

என் மைத்துனன் தங்கபாண்டி உசிலம்பட்டியிலிருந்து வந்தான். லாரி அப்போது இரண்டாவது மாடியில் இருந்தது.

"வித்துருங்க மச்சான்" என்றான். "எருமைக்கு என்ன தெரியும்? பாசமாவது ஒண்ணாவது. எடம் மாறுனா ரெண்டு நாள்ல மறந்துரும்."

"மனுசனுக்கு?" என்று அமல்ராஜ் கேட்டார்.

"மனுசனுக்குப் பதினாறு நாளு."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

தங்கபாண்டி விரல்விட்டு எண்ணினான். பதினாறைத் தாண்டி இரண்டு விரல் மடங்கியது. அந்த இரண்டு விரலையும் கொஞ்ச நேரம் பார்த்தான். "சிகரெட் வாங்கிட்டு வாரேன்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கீழே இறங்கினான். அமல்ராஜும் கேன் எடுத்து வரப் போனார்.

நானும் டீச்சரும் அடுப்படியில் இருந்தோம். லாரியின் முன்விளக்கு ஜன்னல் கம்பி வழியாகச் சுவரில் விழுந்தது.

"ஒரு சேலைதான் இருக்கு" என்றேன்.

டீச்சர் குக்கரின் வெயிட்டை நக்கியது.

"நான் அவ புருஷன்."

டீச்சர் அசை போட்டது. பல நாளாக எதையும் தின்னவில்லை. ஆனாலும் அசை போட்டது.

மடியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. காம்புகள் நாலு திசையில் விறைத்து நின்றன. என் கை பட்டதும் டீச்சரின் பின்னங்கால் நடுங்கியது. ஆனால் உதைக்கவில்லை. வலிக்கிறது என்று தெரிந்தது. வலித்தும் விடவில்லை.

நான் குக்கரைத் திறந்தேன். அன்றைக்கு உரிய மூச்சை எடுத்துக்கொண்டேன். பிறகு சேலையை வெளியே எடுத்தேன்.

எனக்குக் கொசுவம் வைக்கத் தெரியாது. பேண்டுக்கு மேலேயே சுற்றி, முந்தானையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டேன். டீச்சர் எழுந்தது. முதலில் முந்தானையை மோந்தது. பிறகு மடிப்புகளை, ஒவ்வொன்றாக. அதன் மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அது ஒரே மூச்சில் நிறுத்தவில்லை. நான் ஒரு மாதத்துக்கு வைத்திருந்ததை அது நின்ற இடத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை.

பிறகு மடி இளகியது.

வாளி நிறைந்தது. அண்டா நிறைந்தது. சோற்றுப் பானை நிறைந்தது. கடைசியில் குக்கரை நீட்டினேன். அதுவும் நிறைந்தது. முடிந்தபோது சேலையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். பால், சாணி, என் வியர்வை. வேறு ஒன்றும் இல்லை.

கதவு திறந்தது. தங்கபாண்டி நின்றான்.

"அக்கா" என்றான்.

நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நீ போயிட்டேன்னு சொன்னாங்கக்கா. நானே வந்து தூக்குனேன். வெயிட்டே இல்ல நீ."

கீழே உட்கார்ந்து என் முட்டியில் தலையை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. அவன் தலையில் எங்கே கை வைக்க வேண்டும் என்று யோசித்தேன். வளர்மதி காதுக்குப் பின்னால் வைப்பாள். அங்கே வைத்தேன்.

"சாப்ட்டியாடா?" என்றேன்.

"ம். மச்சான் எங்க?"

"வெளிய."

"அந்தாளு ஒரு சொட்டு அழுவலக்கா. சுடுகாட்டுல ஐஸ் பெட்டிக்காரன் குடுத்த மிச்சச் சில்லறையச் சரிபாத்துக்கிட்டு நிக்கிறான். எருமை கணக்கா இருக்கான்."

டீச்சர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவன் "நீ இல்ல டீச்சர்" என்றான்.

"ஒன் மேல பாசமே இல்லையாக்கா அவருக்கு?"

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் கூட இருந்தேன். ஆனால் வாய் தானாகவே சொன்னது.

"அவருக்கு மெதுவாத்தான்டா வரும்."

வாசலில் ஹாரன் அடித்தது. லாரியின் மூக்கு எங்கள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே நின்றது. டிரைவர் விழித்திருந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டே கயிற்றோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் அமல்ராஜ் கேனோடு வந்தார்.

டிரைவர் வாளியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"பால் குடுக்குற மாட்ட நாங்க ஏத்துறதில்லையே" என்றார்.

"அப்ப போங்க" என்றான் தங்கபாண்டி.

"வண்டி தப்பா ஏறாது தம்பி. இந்த வீட்டுல வறண்டது ஒண்ணு இருக்கு."

எதிர்வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சேலையை அவிழ்த்தேன். மடித்து டீச்சரின் முதுகில் போட்டேன்.

தங்கபாண்டி என்னை நிமிர்ந்து பார்த்தான். "மச்சான், எப்ப வந்தீங்க?" என்றான். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தான். "அக்கா இப்பத்தான் இங்க இருந்துச்சு."

"தெரியும்" என்றேன்.

டிரைவர் கயிற்றை என் கழுத்தில் போட்டார். முரட்டுத்தனமாக இல்லை. முடிச்சு குரல்வளையில் அழுந்தாமல் பார்த்துப் போட்டார். "வாங்க சார்" என்றார். நான் நடந்தேன். வாசல்வரை போயிருப்பேன். கயிறு இறுகவில்லை, ஆனால் அதற்கு மேல் நகர முடியவில்லை. டீச்சர் என் சட்டையைப் பின்னாலிருந்து பல்லால் பிடித்திருந்தது.

அது என்னை மோந்தது. என் மேல் இப்போது சேலை இல்லை. என் வாசனை மட்டும்தான். அது அவசரப்படாமல் மோந்து முடித்தது. பிறகு என் பிடரியை நக்கத் தொடங்கியது. நாக்கு உப்புத்தாள் போல இருந்தது. பிடரி, காது, கன்னம். ஒரு இடத்தையும் விடவில்லை. தோல் எரிந்தது.

"இது எதுக்கு நக்குது?" என்றார் டிரைவர்.

"கன்னுக்குட்டிய இப்படித்தான் நக்கும்" என்றார் அமல்ராஜ். "இல்ல, உப்புக்கும் நக்கும். சொல்ல முடியாது." அவர் பாலைக் கேனில் ஊற்றி, காலியான வாளியை என் கையில் கொடுத்தார். "எதுக்கும் பிடிங்க சார்."

"எவ்வளவு நேரம் ஆவும்?" என்று டிரைவர் கேட்டார்.

"இவருக்கு மெதுவாத்தான் வரும்" என்றான் தங்கபாண்டி. "அக்கா சொல்லுச்சு."

டிரைவர் போய் லாரியின் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கையில் சுற்றிக்கொண்டு கதவோரம் குந்தி உட்கார்ந்தார். டீச்சர் நக்கிக்கொண்டே இருந்தது. நான் வாளியை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். காலி வாளியில் முதல் சொட்டு விழுந்தால் சத்தம்தான் முதலில் கேட்கும்.