முதலில் உள்ளே போகும் உப்பு

தேனி பஸ் நிலையத்தில் இறங்கியதுமே சங்கரபாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் பிறகுதான் கிடைத்தது.

"நாலு பக்கமும் மலை, பாத்தீங்களா மாமா?" என்றான் மருமகன் சிவப்பிரகாஷ், ஏதோ அவனே அடுக்கி வைத்த மாதிரி.

"பாத்தேன் மாப்ள. ஒண்ணாவது நவுந்து காத்துக்கு வழி விடுதா?"

தூத்துக்குடி முள்ளக்காட்டில் உப்பளம் வைத்திருப்பவர் அவர். அவர் ஊரில் மலை என்றால் உப்பு அம்பாரம்தான். மனுஷன் குவிப்பான், லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். இப்படி யாருக்கும் பிரயோஜனமில்லாமல் பச்சையாக நின்றுகொண்டிருக்காது.

மறுநாள் காலை மகள் அனுசியாவின் புது ஃப்ளாட்டில் பால்காய்ப்பு. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பு. அதற்காகத் தன் அளத்துக் கல்லுப்பை அரைச் சாக்கு கட்டி, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். ஃப்ளாட்டைக் காட்ட அழைத்துப்போன மருமகன், வாசலில் வைத்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துக் காட்டினான். உள்ளே ரோஸ் நிறத்தில் பொடி.

"இமயமலை உப்பு மாமா. நாளைக்கு இதத்தான் முதல்ல கொண்டு போறோம். ஆன்லைன்ல வாங்குனேன்."

"உப்பளத்துக்காரன் மகளக் கட்டிட்டு, உப்புக்கு மலை ஏறுதீயளோ?"

சாக்கை வாசலுக்கு வெளியே, வராண்டாக் கம்பியோரம் தொப்பென்று வைத்தார். "நல்ல நேரத்துக்கு முன்னால உப்பு படி தாண்டப்படாது. இங்கனயே கெடக்கட்டும். நாளைக்கு இதுதான் உள்ள போகும். இல்லன்னா நான் பஸ் ஏறிருவேன்."

"நனைஞ்சிராதா மாமா?"

"வைகாசியில மழையா? எனக்கா உப்பு வைக்கச் சொல்லித் தாரீய?"

அவர் அளத்தில் ஐப்பசி நெருங்கினால்தான் அம்பாரத்துக்கு ஓலை மூடுவார்கள். இந்த மலைகளுக்கு அந்தக் காலண்டர் போய்ச் சேரவில்லை. ராத்திரி முழுக்கச் சாரல் கம்பி வழியே படுக்கைவாட்டில் அடித்தது.

விடிந்ததும் எல்லாரும் தாம்பாளமும் பால்சட்டியுமாகப் படியேறி வந்தபோது, சாக்கு இளைத்துப்போய்த் தன்னைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர் தலையைத் துடைத்தபடி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பிரகாஷ் வாயைத் திறக்கவில்லை. அதுதான் சங்கரபாண்டியனுக்கு இன்னும் எரிந்தது. அவன் நாலு வார்த்தை சொன்னால் பதிலுக்கு எட்டு சொல்லலாம். மலையைத் திட்டினார், சாரலைத் திட்டினார், கம்பி அடித்த கொத்தனாரைத் திட்டினார். திட்ட வேண்டிய ஆள், ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு மூடத் தெரியாத பரம்பரை உப்புக்காரன், அவர் சட்டைக்குள்ளேயே நின்றான்.

"நான் கெளம்புதேன். அந்த ரோஸ் பவுடரயே கொண்டு போங்க."

அனுசியா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணியும் உப்பும்தானப்பா முதல்ல போகணும்? ரெண்டும் சேந்தே வந்திருக்கு. கோவத்த அப்புறம் படலாம், இந்த முனையப் பிடிங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்த முனை."

மாமனாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள். பளபளக்கிற புது டைல்ஸில் வாசலிலிருந்து அடுப்படி வரை உப்புத்தண்ணீர் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

"கறை ஆயிருமோ மாமா?"

"ஆகும் மாப்ள." கோபம் இன்னும் இறங்கவில்லை; ஆனாலும் பதிலைச் சொல்ல அவருக்கு ருசியாக இருந்தது. "காஞ்சதும் வெள்ளையா பூக்கும். மலை பாக்க வாரவங்க அதையும் பாத்துட்டுப் போட்டும்."